கடல் தண்ணீர் நிரப்பிய சில்லு

என் மச்சான் அப்துல் ஸமட்டுக்கு இடது காது கேட்காது. அதை ஒரு குறை என்று ஊரார் நினைக்கிறார்கள். முப்பது வருடமாக அவனோடு பழகும் எனக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும். யாராவது அளவுக்கு மிஞ்சிக் கதைத்தால் அவன் மெதுவாகத் திரும்பி இடது பக்கத்தைக் கொடுத்துவிடுவான். அவனுடைய டயர் கடையில் எனக்கென்று உட்கார ஒரு வாங்கு போட்டிருக்கிறான். அது அவன் வேலை செய்யும் இடத்துக்கு இடது பக்கத்தில் இருக்கிறது. இதை நான் கண்டுபிடிக்கவே பத்து வருடம் ஆனது.

கடை மருதமுனைப் பிரதான வீதியில், என் தங்கை ஸம்ஸியாவின் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுத்த சாரனோடு வந்து குடியேறினால் போதும். ஸமட் நிந்தவூரிலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே கொண்டுவந்தான்: ஒரு சாக்குக்குள் நெம்புவதற்கு இரண்டு அலவாங்கு, ஒரு ஜாக்கி, ஒரு பெரிய சுத்தியல். எங்கள் வாப்பா நெசவுக்காரர். நான்கு தறி வைத்திருந்தார். மருமகன் முற்றத்தில் முதல் நாள் இரும்பைத் தட்டிய சத்தம் கேட்டதும், தறி பழுதாகிவிட்டதென்று நினைத்து ஓடிவந்தார். பிறகு பழகிவிட்டது. அடுத்த வளவில் ஆணி, கயிறு, பெயின்ட் விற்கும் எனக்கும் பழகிவிட்டது. பழகாமல் எங்கே போவது.

காது போன கதையையும் சொல்லிவிடுகிறேன். கலியாணத்துக்கு முன் அவன் வேலை பழகிய கராஜில், துருப்பிடித்து இறுகிய லொறிச் சில்லு ஒன்றைக் கழற்ற முடியாமல் முதலாளி றிம்முக்கு காஸ் நெருப்புப் பிடித்தார். டயர் இன்னும் றிம்மில்தான் இருந்தது. உள்ளே கொஞ்சம் காற்றும் இருந்தது. அது வெடித்த சத்தம் அட்டப்பள்ளம் வரைக்கும் கேட்டதாம். பக்கத்தில் நின்ற ஸமட்டுக்கு அதற்குப் பிறகு அந்தக் காதில் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு ஒரு சட்டம்: டயர் இருக்கும் சில்லுக்குப் பக்கத்தில் நெருப்பு வரக்கூடாது. சுருட்டுக் குடிப்பவர்களைக்கூட வீதிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவான்.

இவனைத் தேடித்தான் சென்ற பெரும்போக நெல் விதைப்புக்குச் சற்று முன், பெரியநீலாவணைச் சின்னப்போடி ஒரு சின்ன லொறியில் இரண்டு சில்லுகளோடு வந்து இறங்கினார். போடி என்றதும் நூறு ஏக்கர்க்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். சவளக்கடைப் பக்கம் ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறார். மற்றதெல்லாம் பெயரில்தான். ஆளும் பருமன், குரலும் பருமன், சிரிப்பு அதைவிடப் பருமன்.

இரண்டும் அவருடைய பழைய சிவப்பு மெசினின் பின்சில்லுகள். உழவு இயந்திரத்தை எங்கள் பக்கத்தில் மெசின் என்றுதான் சொல்வோம். அவருடையது பத்து வருடமாக வீட்டுக் கொட்டிலில் கட்டையில் நின்றது. போன போகத்தில் கூலி மெசின்காரர்கள் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லி அவரைக் காயப்போட்டுவிட்டார்கள். சுற்றியுள்ள வயல் வட்டை முழுக்கப் பச்சையாக நிற்க, அவருடைய ஐந்து ஏக்கர் மட்டும் சேறாகக் கிடந்தது. பிந்தி விதைத்த பயிரைக் கடைசி மழை கொண்டுபோனது. அவருடைய மகள் தர்சினி விவசாயப் போதனாசிரியர். ஊருக்கெல்லாம் விதைப்புத் திகதி சொல்கிறவள். அவள்தான் பிடிவாதமாக நின்று பழைய மெசினைக் கிளப்பினாள். என்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது. புது டயர்களும் வாங்கி வீட்டில் வைத்தாயிற்று. பழைய டயர்தான் றிம்மை விட்டு வர மறுத்தது. அந்த அளவு றிம் இப்போது கிடைப்பதில்லை. அக்கரைப்பற்று, அம்பாறை, கொழும்பில் பஞ்சிகாவத்தை வரைக்கும் கேட்டுவிட்டார்கள். ஆகவே றிம் முழுசாக வர வேண்டும். விதைப்பு முடிவுத் திகதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"சுனாமித் தண்ணி திண்ட இரும்பு, ஸமட்," என்றார் சின்னப்போடி. "வேற ஆருக்கிட்டயும் குடுக்க மாட்டன். என்ட மெசினுக்கு ஒன்ட கைதான்."

நான் ஸமட்டைப் பார்த்தேன். ஸமட் நிலத்தைப் பார்த்தான். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அந்த மனிதருக்குத் தெரியாது. அந்த இரும்பைத் தின்றது சுனாமி இல்லை. நாங்கள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அவர் அந்த மெசினைப் பழையதாக வாங்கி வந்தார். சேற்றில் சில்லு சறுக்குகிறது, ஏதாவது செய்து தா என்று ஸமட்டிடம் விட்டுவிட்டுப் போனார். மெசினோடு ஒரு இங்கிலீசுப் புத்தகமும் இருந்தது. எனக்கு அந்தக் காலத்தில் இங்கிலீசு தெரியும் என்ற எண்ணம் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். சில்லுக்குள் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பினால் பாரம் கூடும், சறுக்காது என்று போட்டிருந்தது. குளிர் நாடுகளில் அந்தத் தண்ணீர் உறையாமல் இருக்க உப்பு கலப்பார்கள், அதனால் இன்னும் பாரம் கூடும் என்றும் போட்டிருந்தது. மருதமுனையில் நாங்கள் தண்ணீர் உறைந்து கண்டது ஐஸ் பழக்காரனின் பெட்டிக்குள் மட்டும்தான். ஆனாலும் பாரம் கூடும் என்ற சொல் ஸமட்டைப் பிடித்துக்கொண்டது.

"உப்பு வாங்கிறத்துக்கு நமக்கென்ன பைத்தியமா மச்சான்?" என்றான். "கடல் இஞ்சதானே இரிக்கி."

சைக்கிளில் இரண்டிரண்டு கேனாகக் கட்டி எட்டு நடை கடற்கரைக்குப் போய்வந்தோம். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், வீட்டில் மீன் வளர்க்கப் போகிறீர்களா என்று கேட்டார்கள். ஸமட் அதைத் தன்னுடைய தொழில் ரகசியமாக வைத்துக்கொண்டான். சின்னப்போடி வந்து மெசினை எடுக்கும்போது, "இனிச் சறுக்காது" என்று மட்டும் சொன்னான். சறுக்கவும் இல்லை. வெறும் நல்ல தண்ணீரை விடக் கடல் தண்ணீர் ஒரு சில்லுக்கு எவ்வளவு பாரம் கூட என்று பிற்பாடு ஒரு விஞ்ஞான வாத்தியாரிடம் கேட்டேன். கணக்குப் பார்த்துவிட்டு நான்கு கிலோ என்றார். சின்னப்போடி ஒரு நேரம் வயிறாரப் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு மெசினில் ஏறினால் அவ்வளவு பாரமும் கூடிவிடும். அந்தப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் துருவைப் பற்றியும் ஏதோ இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

மறு வருடம் கடல் ஊருக்குள் வந்தது. அதற்குப் பிறகு துருப்பிடித்ததெல்லாம் சுனாமியின் கணக்கில் சேர்ந்துவிட்டது. சில வருடம் கழித்து, அதேபோல நாங்கள் நிரப்பிய வேறொருவரின் சில்லைக் கழற்றியபோதுதான் உப்பு உள்ளே செய்த வேலையை ஸமட் கண்டான். அன்றே சின்னப்போடியிடம் போய்ச் சொல்லப் புறப்பட்டான். நான்தான் தடுத்தேன். "சுனாமிட தலையில எவ்வளவோ கிடக்கு, இதையும் போட்டுட்டு இரி" என்றேன். எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகளைக் கொண்டுபோன கடலைப் பற்றி நான் அப்படிக் கதைத்திருக்கக் கூடாது. அப்போது வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

ஸமட்டுக்குப் பயம் ஏச்சைப் பற்றியது இல்லை. ஏச்சென்றால் இடது காதைக் கொடுத்துவிடுவான். சின்னப்போடியின் நம்பிக்கைதான் அவனுக்குப் பெரிது. தமிழ் ஊர்க்காரர் முஸ்லிம் ஊருக்குள்ளும், முஸ்லிம் ஊர்க்காரர் தமிழ் ஊருக்குள்ளும் போகப் பயந்த காலத்திலும் அந்த மனிதர் அப்போதிருந்த இரண்டு சில்லுக் கை மெசினின் டியூபைச் சைக்கிளில் கட்டி, பின் ஒழுங்கையால் ஸமட்டிடம் வந்தவர். ஒவ்வொரு போகத்துக்கும் புது நெல் குத்தியதும் முதல் அரிசிப் பை ஸம்ஸியாவின் குசினிக்கு வரும். அப்படிப்பட்டவர் இனித் தன் கையை நம்ப மாட்டார் என்ற எண்ணம் ஸமட்டை இத்தனை வருடமாக அரித்துக்கொண்டிருந்தது. இப்போது அந்தச் சில்லுகளே முற்றத்தில் வந்து படுத்துக்கொண்டன.

முதல் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. ஸமட் வால்வைக் கழற்றியதும் கறுத்த தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பத்து வருடத்தில் டியூபிலிருந்து கசிந்தது போக மிஞ்சியது. சின்னப்போடி ஆச்சரியப்பட்டு ஒரு கையில் ஏந்தி நாக்கில் வைத்தார்.

"கரிக்குது," என்றார். "இதுக்க எப்பிடித் தண்ணி வந்த?"

ஸமட் வாயைத் திறந்தான். நான் முந்திவிட்டேன்.

"சுனாமித் தண்ணி, போடியார். வால்வுக்குள்ளால பூந்திரிக்கி."

வால்வுக்குள்ளால் நுளம்பின் மூச்சுக்கூடப் போகாது. டயர் கடைக்குப் பக்கத்தில் முப்பது வருடம் இருந்த நான் அதைச் சொன்னேன். அவரும் தலையாட்டினார். "கடலுக்கென்ன, ஊசிக் காதுக்குள்ளயும் பூரும்" என்றார். ஸமட் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு குனிந்தான்.

டயரின் விளிம்பு றிம்மோடு ஒட்டி ஒரே இரும்பாகிவிட்டது. எது ரப்பர், எது துரு என்று நகத்தால் சுரண்டினாலும் தெரியவில்லை. சுற்றிவர டீசல் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் காலையில் தட்டத் தொடங்கினான். ஒரு சாண் தள்ளி ஒரு அடி, இன்னொரு சாண் தள்ளி இன்னொரு அடி. சுற்றி முடித்து மறுபடி டீசல், மறுபடி அடி. அவசரமில்லாத வேலை. அவசரக்காரனான எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே தண்டனை. ஒரே இடத்தில் பலமாக அடித்தால் றிம் நெளிந்துவிடும் என்பான். எத்தனையோ பேரிடம் இப்படிச் சொல்லிச் சொல்லியே அவன் வாழ்க்கையின் பாதி போயிருக்கிறது.

மத்தியானம் வெல்டிங் கடை ஹாதிக் வந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு எதைக் கண்டாலும் வெட்ட வேண்டும்.

"கிரைண்டர் கொண்டாரன் காக்கா. அஞ்சு நிமிஷம்," என்றான். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.

அந்த நேரம் பார்த்துத் தர்சினியும் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்.

"ஓம், அவர் சொல்றது சரிதானே ஸமட் காக்கா. பழைய டயர் எங்களுக்குத் தேவையில்ல. வெட்டி எறிஞ்சா என்ன?"

ஸமட் சுத்தியலை வைத்துவிட்டு, டயரின் விளிம்பை விரலால் தொட்டுக் காட்டினான்.

"ரப்பரை வெட்டலாம் மகள். விளிம்புக்க கம்பி வளையம் இரிக்கி. அதுதான் துருவில சிக்கின. அத வெட்டப் போனா கிரைண்டர் றிம்மையும் திண்டிரும். றிம் போனா வேற எடுக்க ஏலா."

"இன்னும் பதினொரு நாள்தான் கிடக்கு காக்கா. கூட்டத்தில எழும்பி நிண்டு எல்லாருக்கும் திகதி சொன்னது நான். எங்கட அப்பாட வயல் பிந்தினா அந்தச் சனம் என்னைப் பாத்துச் சிரிக்கும்."

"பிந்தாது," என்றான் ஸமட். சாதாரணமாக அவன் வாக்குக் கொடுப்பதில்லை. பார்ப்போம் என்பான், அல்லாஹ் நாடினால் என்பான். அவன் அந்த றிம்முக்குக் கடன்பட்டவன் போல வேலை செய்கிறான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று மாலை வரை தட்டியும் விளிம்பு மயிரளவும் அசையவில்லை. மூன்றாம் நாள் காலை ஸமட் ஸம்ஸியாவின் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மரத்தைப் பார்க்கும் விதம் ஸம்ஸியாவுக்குத் தெரியும். குசினியிலிருந்தே குரல் வந்தது.

"அந்த மரத்தில கை வெக்காதீங்க. நாலு குலை தள்ளி நிக்கிது."

"மரத்துக்கு ஒண்ணும் வராது புள்ள," என்று சொல்லிக்கொண்டே அவன் சில்லை மரத்தடிக்கு உருட்டினான்.

அவனுடைய யோசனை இதுதான். மரத்தின் அடியில் சாக்கைச் சுற்றி, அதன்மேல் ஒரு சங்கிலி கட்டினான். சில்லைப் பக்கத்தில் படுக்கவைத்தான். டயரின் மேல், றிம்முக்கு ஒட்டினாற்போல ஒரு பாலைக் கட்டையை வைத்தான். ஒரு நீளமான தென்னங்குத்தியின் நுனியைச் சங்கிலிக்குள் கொடுத்து, கட்டையின் மேலாக நீட்டினான். அடுத்த நுனி ஆகாயத்தில் நின்றது. அதில் பாரம் ஏற்றினால் குத்தி கட்டையை அமுக்கும், கட்டை டயரை அமுக்கும்.

"பாரம் எங்க?" என்றான் அன்றும் வந்து நின்ற ஹாதிக்.

காலையிலேயே வந்திருந்த சின்னப்போடியை எல்லோரும் பார்த்தோம். அவர் கோபிக்கவில்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குத்தியில் தொங்கினார். குத்தி பாதி இறங்கியது. நானும் தொங்கினேன். ஹாதிக்கும் தொங்கினான். குத்தி இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஸமட் சுற்றிவர ஓடி ஓடித் தட்டினான். பிரதான வீதியில் போன பஸ் ஒன்று எங்களைப் பார்ப்பதற்காகவே வேகத்தைக் குறைத்தது. மூன்று கிழட்டு வௌவால்கள் தொங்குவதைப் போல இருந்திருக்கும். ஹாதிக் கிழவன் இல்லை, இருந்தாலும் அந்த நேரம் அவனையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம். ஓடு வெடித்தது போல. மறுகணம் மூவரும் மணலில் கிடந்தோம். சின்னப்போடி என் மேல் கிடந்தார். ஸம்ஸியா ஓடிவந்து முதலில் மரத்தைப் பார்த்தாள், பிறகுதான் எங்களைப் பார்த்தாள். ஸமட் குந்தியிருந்து விளிம்பில் விரலை விட்டுப் பார்த்தான். ஒரு விரல் உள்ளே போனது. அவன் முகம் அப்படி மலர்ந்ததை நான் அவனுடைய கலியாணத்தன்றுகூடக் காணவில்லை.

ஒரு இடம் விட்டுவிட்டால் மற்றது பொறுமையின் வேலை. டீசல், ஒரு சாண் திருப்பு, தொங்கு, தட்டு. நான்கு தடவை விழுந்தோம். அடுத்த பக்கத்தையும் புரட்டிப் போட்டு அப்படியே செய்தோம். பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு ஸமட் இரண்டு அலவாங்கையும் விளிம்புக்குள் கொடுத்து, ஒன்றை என் கையில் தந்து, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினான். பழைய டயர் ஒரு பெருமூச்சோடு றிம்மை விட்டு வந்தது. உள்ளிருந்து சிவப்புத் துரு சோற்றுப் பானையளவு கொட்டியது. அந்த நேரம் தர்சினியும் வேலை முடிந்து வந்து நின்றாள்.

றிம் முழுசாக இருந்தது. நெளிவு இல்லை, வெடிப்பு இல்லை. வால்வு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் விரல் போகும் அளவுக்கு ஒரு ஓட்டை.

சின்னப்போடி அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றிக் காட்டினார். "பாத்தீங்களா, கடல் எப்பிடித் திண்டிருக்கு எண்டு," என்றார். "ஹாதிக் ஒரு ஒட்டுப் போட்டா சரி. ஸமட், நீ ஒரு வித்தைக்காரன்."

எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். இன்னொரு சில்லு கிடந்தாலும் வழி தெரிந்துவிட்டது. கடல் பழியை எடுத்துக்கொண்டது. எழும்பித் தேநீர் கேட்கப் போனேன்.

"போடியார், இது சுனாமி இல்ல," என்றான் ஸமட்.

அவன் எழும்பவில்லை. றிம்முக்குப் பக்கத்தில் குந்தியபடியே, அலவாங்கைக் கையில் பிடித்தபடி சொன்னான்.

"நான் நெரப்பின தண்ணி. நீங்க மெசின் எடுத்த வருசம் கடல்ல இரிந்து அள்ளி வந்து ரெண்டு சில்லுக்கும் நெரப்பினன். பாரம் கூடும் எண்டு நெனச்சன். உப்பு இரும்பத் திங்கும் எண்டு அப்ப எனக்குத் தெரியா. பொறகு தெரிஞ்ச. தெரிஞ்சும் ஒங்களுக்கிட்டச் சொல்லல்ல."

சின்னப்போடி என்னைப் பார்த்தார். வால்வுக்குள்ளால் பூந்தது என்று சொன்னவன் நான்தானே. எனக்கு மணலுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"புத்தகம் வாசிச்சது நான்," என்றேன். "சொல்ல வேணாம் எண்டு மறிச்சதும் நான்."

சின்னப்போடி கழற்றிய டயரின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"சுனாமி வரக்குள்ள இதுக்க தண்ணி இருந்ததா?" என்று கேட்டார்.

"ஓம். முக்கால்வாசி."

"ரெண்டு சில்லுலயும்?"

"ரெண்டுலயும்தான்."

அவர் மகளைப் பார்த்தார். தர்சினி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கு ஓட எங்களுக்கு நேரம் கிடைக்கல்ல, ஸமட்," என்றார் சின்னப்போடி. "தண்ணி வளவுக்க வந்திட்டு. மெசின்தான் உசரமா நிண்டது. எல்லாரையும் தூக்கி அதில ஏத்தினன். தண்ணி மட்காட்டுக்கு மேலால போச்சு. பக்கத்து வளவில இதே சைசு மெசின் ஒண்டு நிண்டது. அது தேங்கா மிதக்கிற மாதிரி மிதந்து போச்சு. எங்கட மெசின் இழுக்கிற பெட்டியும் போச்சு. பொறகு அதக் களப்புக்குள்ளதான் கண்டம். இந்த மெசின் மட்டும் அசையல்ல. ஏன் அது போச்சு, ஏன் இது நிண்டது எண்டு நான் இருவது வருசமா யோசிக்கிறன். கண்ணகை அம்மன்தான் பிடிச்சு வெச்சிருந்தா எண்டு வருசா வருசம் பொங்கிறம்."

"காத்து எண்டா மெதக்கும்," என்றான் ஸமட். "தண்ணி எண்டா நிக்கும்."

"நான் சைலன்சரைக் கட்டிப் பிடிச்சிட்டு நிண்டன் காக்கா," என்றாள் தர்சினி. "எனக்கு அப்ப பதினாலு வயசு."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வாய்த்த வாய் அப்படி.

"நல்ல தண்ணி போட்டிருந்தாலும் நிண்டிருக்கும்," என்றேன். "உப்பால கூடினது சில்லுக்கு நாலு கிலோதான்."

சின்னப்போடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய சிரிப்பு வந்தது. டயரோடு சேர்ந்து குலுங்கினார்.

"ஓம், சரிதான் சாலிஹ். அப்ப தண்ணி ஊத்தினதுக்கு ஒரு பெரிய கும்பிடு. உப்பு ஊத்தினதுக்கு ஏச்சு. ரெண்டையும் வேற வேறயாத் தாறன்."

சொன்னபடியே தந்தார். முதலில் எழும்பி ஸமட்டின் எண்ணெய்க் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அவருடைய கண் நிறைந்திருந்தது. பிறகு அதே கையை விடாமல் ஏசத் தொடங்கினார். என்ட றிம்மை நாசமாக்கினவன், கடலை அள்ளி மெசினுக்குள் விட்டவன், இருபது வருசமாக என்னிடம் மறைத்தவன், சொல்லாமல் என் அரிசியைத் தின்றவன் என்று ஐந்து நிமிடம் ஏசினார். ஸமட் முகத்தைத் திருப்பவில்லை. வலது காதைக் கொடுத்து முழுவதையும் கேட்டான். பாதியில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. இங்கிலீசு தெரியாதவன் என்றார். அதுதான் எனக்குச் சுட்டது.

ஸம்ஸியா தேநீர் கொண்டுவந்தாள். எல்லோரும் குடித்தோம். குடித்து முடித்ததும் ஸமட் கேட்டான்.

"எத்தின பேர் போடியார், மெசின்ல?"

"ஏழு பேர்."

"பேர் சொல்லுங்க."

அவர் விரல் மடித்துச் சொன்னார். அவர், மனைவி பூமணி, அக்கா கனகம்மா, மகள் தர்சினி, மகன் தனுசன், அடுத்த வீட்டு நேசமலர், நேசமலரின் கைக்குழந்தை கிருபன். தனுசன் இப்போது கட்டாரில். கிருபன் அட்வான்ஸ் லெவல் முடித்துவிட்டுக் கல்முனையில் வேலை செய்கிறான். ஸமட் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அவரும் சொன்னார். அவனுக்கு ஆட்களின் பெயர் மனதில் நிற்பதில்லை. பத்து வருடம் வந்துபோகும் வாடிக்கையாளரையும் அந்த வெள்ளை வேன்காரர், அந்த ஒற்றைச் சில்லுக்காரர் என்றுதான் சொல்வான். அதனால் எதற்கு இந்த மினக்கேடு என்று நினைத்தேன்.

இரண்டாவது சில்லு அரை நாளில் கழன்றது. டயரெல்லாம் தூரப் போன பிறகு ஹாதிக்குக்கும் வெல்டிங் செய்ய அனுமதி கிடைத்தது. ஓட்டையை அடைத்தான். ஸமட் இரண்டு றிம்மையும் உள்ளும் புறமும் சுரண்டி, என் கடையிலிருந்து எடுத்த பெயின்ட்டை மூன்று பூச்சுப் பூசினான். புது டயரைப் போட்டுவிட்டு, தண்ணீர் நிரப்பவா என்று கேட்டான். நிரப்பு என்றார் சின்னப்போடி, ஆனால் பைப்புத் தண்ணியாக இருக்க வேண்டும் என்றார். நிரப்பி முடியும் வரை குழாயடியை விட்டு அவர் அசையவில்லை. முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முந்தி ஐந்து ஏக்கரும் விதைத்தாயிற்று. தர்சினி வட்டையில் நின்று ஸமட்டுக்கு ஒரு படம் அனுப்பினாள். சேற்றில் சிவப்பு மெசின், அதன்மேல் அவளே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நானும் ஸமட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். தொழுகை முடிந்து எல்லோரும் எழும்பிப் போகத் தொடங்கினார்கள். அவன் கையை ஏந்தியபடியே இருந்தான். அவன் நீளமாகத் துஆக் கேட்கும் ஆள் இல்லை. காது கேளாதவர்கள் தாங்கள் மெதுவாகக் கதைக்கிறோம் என்று நினைத்துக் கதைப்பார்களே, அந்தக் குரலில் அவன் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. சின்னப்போடி, பூமணி, கனகம்மா, தர்சினி, தனுசன், நேசமலர், கிருபன். ஒன்றும் தவறவில்லை. ஒழுங்குகூட மாறவில்லை.

நான் சொன்ன பொய் அன்று நின்றிருந்தால் இந்த ஏழு பெயரும் அவனிடம் வந்திராது. ஒரு நல்ல மனிதரின் மெசினைக் கெடுத்தவன் என்ற நினைப்போடேயே அவன் கபுறுக்குப் போயிருப்பான். அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. முன் வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி, யார் இந்தப் பெயர்க்காரர்கள் என்பதைப் போல எங்களைப் பார்த்தார்.

நான் எழும்பப் போனவன் மறுபடி இருந்து, கையை ஏந்தி ஆமீன் சொன்னேன்.